ஒரு டன்னுக்கு 500 கிராம்: கறிக்கோழித் தீவனத்தில் கந்தகச் சேர்மானம்

கோழிக்குக் கந்தகம் கொடுக்கலாமா என்று கேட்டால், எந்தக் கந்தகம் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். ஒரே பெயரில் நான்கு வகைச் சரக்கு புழங்குகிறது. ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் போட்டால் குஞ்சின் கால் வளைந்துவிடும். எம்.எஸ்.எம். என்கிற மெத்தில் சல்ஃபோனைல் மீத்தேனைக் கறிக்கோழித் தீவனத்தில் 0.05 சதவீதம் சேர்த்து, சேர்க்காத தீவனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையின் செய்முறை இது. மற்ற மூன்று வகைகளும் இடையிடையே வரும். பிழை பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

எந்தக் கந்தகம்?

மஞ்சள் பொடியாக வருவது தனிமக் கந்தகம். கந்தகப் பூ என்பதும் இதுதான். தண்ணீரில் கரையாது, குடலில் நேராக உறிஞ்சப்படுவது சொற்பம். மிச்சம் போய்ச் சேருவது குருட்டுக்குடலில். அங்குள்ள பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது உடம்புக்குள் போய் சல்ஃபேட்டாகி சிறுநீரகம் வழியே வெளியேறும்போது அமிலச் சுமை கூடுகிறது, கால்சியமும் கூடவே கழிகிறது. 1930களில் அமெரிக்காவில் ரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் சில சதவீதம் தனிமக் கந்தகம் சேர்த்துப் பார்த்தார்கள். கழிச்சல் குறைந்தது. ஆனால் வெயில் படாமல் வளர்ந்த குஞ்சுகளுக்கு எலும்பு வலுவிழந்து வளையும் ரிக்கெட்ஸ் வந்தது. ‘பழைய முறை, பாதுகாப்பானது’ என்று கந்தகப் பூவைக் கைப்பிடி கணக்கில் அள்ளிப் போடுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

இரண்டாவது வகை சல்ஃபேட் உப்புகள். மெக்னீசியம் சல்ஃபேட்டுக்குப் பேதியுப்பு என்று பெயர் வைத்தவர்கள் அதன் குணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். அதில் கந்தகம் 13 சதவீதம். நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் 22.6 சதவீதம், அதோடு 32.4 சதவீதம் சோடியமும் வரும். மயில்துத்தம் என்கிற செம்பு சல்ஃபேட்டில் 12.8 சதவீதம்.

மூன்றாவது, மெத்தியோனினும் சிஸ்டினும். கோழிக்கு உண்மையாகத் தேவைப்படும் கந்தகம் இந்த வடிவில்தான் போகிறது. இறகின் கெரட்டின், முட்டையின் வெள்ளைக்கரு, உடம்பின் குளுட்டதயோன் எல்லாம் இதிலிருந்து. மெத்தியோனினில் கந்தகம் 21.5 சதவீதம். வேறெந்தக் கந்தகத்தைக் கொடுத்தாலும் கோழியால் அதிலிருந்து மெத்தியோனினை உண்டாக்க முடியாது. குருத்தெலும்புக்கு வேண்டிய காண்ட்ராய்டின் சல்ஃபேட் போன்றவற்றுக்காகச் செலவாகும் சிஸ்டினில் கொஞ்சத்தை மிச்சப்படுத்த மட்டும் சல்ஃபேட் உதவும். ஆகவே ‘கந்தகம் சேர்க்கிறோமே, மெத்தியோனினைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்பது தப்புக் கணக்கு. இறகு முளைப்பது தாமதமாகும், ஒன்றையொன்று கொத்தும், எடை விழும்.

நான்காவது எம்.எஸ்.எம். வெள்ளைப் படிகம், வாசனை கிடையாது, லேசான கசப்பு. கந்தகம் 34 சதவீதம். தண்ணீரில் நன்றாகக் கரையும். 109 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் 75 முதல் 85 டிகிரி வரை போகும், தீவனத்தை அழுத்திக் குருணையாக்கும் பெல்லட் சூட்டுக்குப் பயமில்லை.

இந்த நான்கிலும் சேராத இரண்டு பெயர்கள் அடிக்கடி உள்ளே நுழைந்துவிடுகின்றன. சல்ஃபா மருந்து என்பது கந்தகச் சேர்மானம் அல்ல. அது நுண்ணுயிர்க் கொல்லி. இறைச்சிக்கு அனுப்பும் முன் அதை நிறுத்திக் காத்திருக்கும் காலம் தனியாக உண்டு. பயிருக்குத் தெளிக்கும் 80 சதவீத நனையும் கந்தகமும் தீவனச் சரக்கு அல்ல. அதில் மீதமுள்ள 20 சதவீதம் தூளைத் தண்ணீரில் பரப்பிவைக்கும் துணைப்பொருட்கள். அவை பறவைக்குக் கொடுக்க உண்டானவை அல்ல.

சேர்க்கும் முன் ஒரு கூட்டல்

தராசை எடுப்பதற்கு முன் காகிதத்தை எடுக்க வேண்டும். தீவனத்தில் ஏற்கெனவே எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்று தெரியாமல் மேலே சேர்ப்பதில் அர்த்தமில்லை.

60 சதவீதம் மக்காச்சோளம், 33 சதவீதம் சோயா புண்ணாக்கு போட்ட தொடக்கத் தீவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தில் கந்தகம் சுமார் 0.08 சதவீதம்; அதில் 60 சதவீதம் என்றால் 0.048. சோயாவில் 0.43 சதவீதம், அதில் 33 சதவீதம் என்றால் 0.142. இனி மெத்தியோனின். முதல் 3 வாரத்துக்கு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994 பட்டியல் சொல்லும் தேவை மெத்தியோனின் 0.50 சதவீதம், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்த்து 0.90 சதவீதம். மேலே சொன்ன இரண்டு சரக்கிலிருந்து 0.33 சதவீத மெத்தியோனின் வரும். பற்றாக்குறை 0.17. அதாவது டன்னுக்கு 1.7 கிலோ டி.எல். மெத்தியோனின் போட வேண்டும். அதிலிருந்து வரும் கந்தகம் 0.037 சதவீதம். மொத்தம் கூட்டினால் 0.23 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது எம்.எஸ்.எம். டன்னுக்கு 500 கிராம் என்றால் கந்தகம் 170 கிராம், அதாவது 0.017 சதவீதம். 0.227 என்பது 0.244 ஆகிறது, அவ்வளவுதான். இதே இடத்தில் தனிமக் கந்தகத்தை அரை சதவீதம் போட்டால் 0.73. மூன்று மடங்குக்கு மேல். ‘இரண்டுமே கந்தகம்தானே’ என்பவரிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டினால் போதும்.

இந்தக் கூட்டலில் எல்லோரும் விட்டுவிடுவது தண்ணீரை. கோழி தின்னும் தீவனத்தின் எடையைப் போலச் சுமார் இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். லிட்டருக்கு 500 மி.கி. சல்ஃபேட் உள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால், 100 கிராம் தீவனம் தின்னும் கோழி 200 மி.லி. தண்ணீரில் 100 மி.கி. சல்ஃபேட் குடிக்கிறது. சல்ஃபேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். ஆகவே 33 மி.கி. தீவனக் கணக்கில் 0.033 சதவீதம். சாக்கு பிரித்து எடை போட்டுக் கலக்கும் சேர்மானத்தைவிட இரண்டு மடங்கு கந்தகம் குழாய் வழியே சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் மூன்று மடங்கு, நான்கு மடங்கு போகும். அப்போது இதுவும் ஏறும்.

அதனால் முதல் செலவு தண்ணீர்ப் பரிசோதனை. லிட்டருக்கு 250 மி.கி. சல்ஃபேட்டுக்குள் இருந்தால் மேலே போகலாம். அதற்கு மேல் இருந்து, சோடியமும் லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருந்தால் எச்சம் இளகத் தொடங்கும். அந்தப் பண்ணையில் எம்.எஸ்.எம். சோதனையைத் தொடங்குவது வீண். வருகிற கோளாறு எதனால் என்று பிரிக்கவே முடியாது. பேரியம் குளோரைடு சொட்டுவிட்டுக் கலங்கலைப் பார்க்கும் பெட்டியைப் பயன்படுத்தினால், அந்தப் பேரியம் உப்பு நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. சோதித்த தண்ணீரைக் கொட்டகைக்குள் கொட்டக் கூடாது.

சோடியம் சல்ஃபேட் ஏற்கெனவே தீவனத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சமையல் உப்பின் குளோரைடைக் குறைக்க இதைச் சேர்ப்பது வழக்கம். டன்னுக்கு 2 கிலோ இருந்தால் 0.045 சதவீதக் கந்தகம். மயில்துத்தம் டன்னுக்கு 500 கிராம் போட்டாலும் கந்தகம் 0.006 சதவீதம்தான். அதைக் கணக்கில் விட்டாலும் குடி மூழ்காது, ஆனால் செம்பின் அளவுக்காக அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

எம்.எஸ்.எம். பற்றிய பேச்சில் பாதி, எடை கூடும் என்பது. கறிக்கோழியில் 0.05 சதவீத அளவைச் சோதித்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது உடம்பின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு அளவீடுகள் உயர்வது. எடையில் பெரிய மாற்றம் அல்ல. அதற்குக் காரணமும் இருக்கிறது. மெத்தியோனின் சரியாகப் போட்ட தீவனம் தின்று, நோயில்லாமல், வெக்கையில்லாமல் வளரும் கோழிக்குக் குறை என்று ஒன்றுமில்லை. இல்லாத குறையை எதுவும் தீர்க்காது. கெட்டுப்போன எண்ணெய், கடும் வெக்கை, குடலில் ரத்தக் கழிச்சல் கிருமியான காக்சிடியா என்று ஏதாவது அழுத்தம் இருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் தெரிய வாய்ப்பு. கெட்ட எண்ணெய்க்கு நல்ல எண்ணெய் வாங்குவதுதான் முதல் வைத்தியம் என்பது வேறு விஷயம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வீதம் 90 நாள் கொடுத்தும் கேடு தெரியவில்லை. 1 கிலோ எடையுள்ள கோழி நாளுக்கு 120 கிராம் தின்றால், 0.05 சதவீதத்தில் அதற்குப் போவது 60 மி.கி. எலியும் கோழியும் ஒன்றல்ல. முட்டையிடுவதும், சிறுநீரும் எச்சமும் ஒரே வழியில் போவதும் எலிக்குக் கிடையாது. அதனால்தான் இந்தச் சோதனையில் மூன்றாவது குழு ஒன்று வைக்க வேண்டும்: 5 மடங்கு, அதாவது 0.25 சதவீதம். இது வீம்புக்கு அல்ல. கலவை சரியாக இல்லாத தீவனத்தில் ஒரு மூலையில் 5 மடங்கு சேருவது சாதாரணமாக நடக்கும். சொன்ன அளவில் கோழி நன்றாக இருக்கிறது என்பது சரியாகக் கலந்த நாளுக்கு மட்டும் பொருந்தும்.

கலப்பது

100 கிலோ தீவனத்துக்கு 50 கிராம். சாக்கு எடை பார்க்கும் தராசில் இதை நிறுக்கவே கூடாது. 1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். எம்.எஸ்.எம். ஈரக்காற்றில் கட்டியாகிவிடும். கட்டி பிடிக்காமலிருக்க சிலிக்கா சேர்த்து விற்கும் சரக்கும் உண்டு, அதில் எம்.எஸ்.எம். எத்தனை சதவீதம் என்று பார்த்து எடையைச் சரி செய்ய வேண்டும். எதுவானாலும் 1 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகுதான் நிறுக்க வேண்டும். சல்லடையில் தங்கும் மணிகளை விரலால் நசுக்கித் தள்ளுங்கள். அப்படியே விட்டால் அதுதான் ஒரு கோழியின் வாயில் ஒரே கொத்தில் போகும் கட்டி.

50 கிராமோடு நன்றாக அரைத்த மக்காச்சோள மாவு 450 கிராம். மூடி போட்ட வாளியில், பாதிக்கு மேல் நிரப்பாமல், 3 நிமிடம் உருட்டினால் அரைக் கிலோ கலவை. அதோடு 1.5 கிலோ மாவு. மறுபடி 3 நிமிடம். அந்த 2 கிலோவோடு 8 கிலோ தீவனம். தார்பாயில் கொட்டி, நான்கு முனையையும் மாற்றி மாற்றி இழுத்துப் புரட்டுவது, 20 தடவை. இந்த 10 கிலோதான் மிக்ஸருக்குப் போகும். மிக்ஸரில் பாதித் தீவனம் போட்ட பிறகு இதைத் தூவி, மேலே மீதியைப் போட வேண்டும். முதலில் போட்டால் அடிப்பகுதியில் தங்கும். கடைசியில் போட்டால் மேலேயே நிற்கும். படுக்கை வாட்ட ரிப்பன் மிக்ஸருக்கு, கடைசிச் சரக்கு விழுந்த பிறகு 5 நிமிடம். செங்குத்துத் திருகு மிக்ஸருக்கு 15 நிமிடம். எண்ணெயை இதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் பொடி எண்ணெயில் உருண்டு பிடித்துக்கொள்ளும்.

தீவனத்தில் வைட்டமினாகச் சேரும் கோலின் குளோரைடோடு இதைச் சேர்த்து வைக்காதீர்கள். கோலின் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, கூட இருக்கும் எல்லாவற்றையும் களியாக்கும்.

கலந்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எம்.எஸ்.எம். தண்ணீரில் கரைந்தாலும் மின்சாரம் கடத்தாது, மின்கடத்தலை வைத்துக் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் அதைக் காட்டாது. அதனால் உப்பை ஒற்றனாக வைத்துக்கொள்ள வேண்டும். தீவனத்தில் போட வேண்டிய சமையல் உப்பை வெளியே நிறுத்திவைத்து, நைசாக அரைத்து, அந்த 10 கிலோக் கலவையோடு சேர்த்தே மிக்ஸருக்குள் விடுங்கள். கலந்து முடிந்ததும் கொட்டும் வாயிலிருந்து தொடக்கம் முதல் கடைசி வரை 10 மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 10 கிராம், 100 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீர். 5 நிமிடம் கலக்கி, 15 நிமிடம் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் மீட்டரை வைக்க வேண்டும். 10 எண்களின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது மாறுபாட்டுக் கெழு. 10 சதவீதத்துக்குள் இருந்தால் கலவை நல்லது. 20ஐத் தாண்டினால் அந்தத் தீவனத்தைச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. மிக்ஸரின் திருகு தேய்ந்திருக்கும், அல்லது கொள்ளளவுக்கு மேல் நிரப்பியிருப்பீர்கள். உப்பு மணியும் எம்.எஸ்.எம். மணியும் ஒரே பருமன் இல்லாவிட்டால் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றும். நைசாக அரைக்கச் சொன்னது அதற்காக. தீவனத்திலுள்ள மற்ற தாதுக்களும் மீட்டரில் கொஞ்சம் ஏறும். அவை எல்லா மாதிரியிலும் அடித்தளமாக நிற்பதால், வித்தியாசத்தைக் காட்டுவது உப்புதான்.

தண்ணீரில் கலந்து கொடுப்பதை ஏன் சொல்லவில்லை என்றால், அது சுலபம் என்பதால்தான் தப்பாகப் போகிறது. வெக்கை நாளில் தண்ணீர் இரட்டிப்பானால் அளவும் இரட்டிப்பாகும். சிந்துவதற்குக் கணக்கே கிடையாது. கரைந்த எந்தக் கரிமப் பொருளும், கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயில் வழுவழுப்புப் படலம் வளர இடம் கொடுக்கும்.

தடுப்பும் குலுக்கலும்

மூன்று குழு: சேர்மானம் இல்லாதது, 0.05 சதவீதம், 0.25 சதவீதம். குழுவுக்கு 4 தடுப்பு, அதாவது கொட்டகைக்குள் அடைத்துப் பிரித்த அறை, தடுப்புக்கு 20 குஞ்சு. மொத்தம் 12 தடுப்பு, 240 குஞ்சு. 5 அடிக்கு 5 அடி இடம் 20 குஞ்சுக்கு 35 நாள் வரை தாராளம். தரையில் பரப்பும் கூளம் எல்லாத் தடுப்பிலும் ஒரே மூட்டையிலிருந்து, ஒரே உயரம், 5 முதல் 7 செ.மீ.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு: வாசல் பக்கம் பாதிக் கொட்டகை சேர்மானம், உள் பக்கம் பாதிக் கொட்டகை சாதாரணம். கடைசியில் கிடைப்பது வாசல் காற்றின் பலன். கொட்டகையை நீளவாக்கில் 4 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று குழுவும் ஒன்றொன்று வரும்படி சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குஞ்சுகளையும் அப்படித்தான். பெட்டியில் கைக்கு எளிதாக அகப்படுவது மந்தமான குஞ்சு. முதலில் பிடித்ததையெல்லாம் முதல் தடுப்பில் விட்டால் அந்தத் தடுப்பு தொடக்கத்திலேயே தோற்றது. 5 குஞ்சு வீதம் சுற்றிச் சுற்றி விட்டு, கடைசியில் தடுப்பு எடையை நிறுத்துப் பார்த்து, வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மாற்றிப் போடுங்கள்.

எவ்வளவு சின்ன வித்தியாசத்தை இந்த ஏற்பாடு காட்டும்? ஒரே தீவனம் தின்னும் தடுப்புகளுக்குள்ளேயே எடை 4 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், குழுவுக்கு 4 தடுப்பில் தோராயமாக அதன் இரு மடங்கு, 8 சதவீத வித்தியாசத்தைத்தான் நம்பிச் சொல்ல முடியும். 3 சதவீதம் கூடுதல் என்று எண் வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். குழுவுக்கு 16 தடுப்பு வைத்தால் 4 சதவீதம் வரை பிடிபடும். கூடுதலாகக் கோழி வாங்கித் தடுப்பை நிரப்புவது இதைச் சரிசெய்யாது. தடுப்பின் எண்ணிக்கைதான் கூட வேண்டும்.

பதிவேடு

குஞ்சு விட்ட நாள், பிறகு 7, 14, 21, 28, 35ஆம் நாள் எடை. ஒரே நேரத்தில், காலைத் தீவனம் போடும் முன் நிறுக்க வேண்டும். தின்ற பின் நிறுத்தால் இரைப்பை எடையும் சேரும். போட்ட தீவனம், மிஞ்சிய தீவனம் இரண்டையும் எழுத வேண்டும். தட்டின் விளிம்பில் சிந்தியதைக் கூளத்திலிருந்து பொறுக்கி நிறுக்க முடியாது என்பதால், தட்டைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்திவைப்பதே வழி.

இறந்த கோழியை நிறுக்காமல் தூக்கிப் போடுவது கணக்கை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 20 குஞ்சு, தொடக்க எடை மொத்தம் 0.84 கிலோ. 35ஆம் நாள் 19 கோழி, 38 கிலோ. இடையில் இறந்த ஒன்று 1.1 கிலோ. தின்ற தீவனம் 60 கிலோ. இறந்ததை விட்டுவிட்டால் தீவனமாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ எடை கூடத் தின்ற தீவனம், 60ஐ 37.16ஆல் வகுத்து 1.61. சேர்த்தால் 60ஐ 38.26ஆல் வகுத்து 1.57. ஒரே ஒரு கோழியால் 0.04. இந்த அளவு வித்தியாசத்தைத்தான் பல சேர்மானங்கள் விளம்பரத்தில் காட்டுகின்றன.

எச்சத்தைத் தினமும் காலையில் ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஆள் மாறினால் மதிப்பெண் மாறும். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு காகிதத்தை அரை மணி நேரம் விரித்துவைத்து, விழுந்ததில் வடிவம் நின்றது எத்தனை, பரவியது எத்தனை என்று எண்ணினால் போதும். நல்ல எச்சம் குவிந்து நின்று, மேலே வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும். காகிதத்தில் அதைச் சுற்றி ஈர வளையம் அரை விரற்கடை கூட இருக்காது. சல்ஃபேட் கூடிய கோழியின் எச்சத்தில் தொப்பி கரைந்து, வளையம் உள்ளங்கை அகலத்துக்குப் போகும். நிறம் மாறாது, ரத்தம் இருக்காது, கோழியும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். ரத்தமோ ஆரஞ்சு நிறச் சளியோ தெரிந்தால் அது கந்தகத்தின் வேலை அல்ல. ரத்தக் கழிச்சலா, குடல் அழுகலா என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சேர்மானத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

கூள ஈரம் வாரம் ஒருமுறை. தடுப்பின் நான்கு மூலையும் நடுவும் சேர்த்து 100 கிராம் அள்ளி, 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து மறுபடி நிறுக்க, குறைந்த கிராம்தான் ஈரத்தின் சதவீதம். 25க்குள் நல்லது. 35ஐத் தாண்டினால் கட்டி பிடிக்கும், அம்மோனியா ஏறும், பாதத்தில் புண் வரும். கூளத்தில் தூவும் படிகாரமும் ஒரு சல்ஃபேட்தான். அம்மோனியாவைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் சோதனை நடக்கும்போது ஒரு தடுப்பில் தூவி இன்னொன்றில் தூவாமல் விடக் கூடாது. கோழி கூளத்தைக் கொத்தித் தின்னும்.

14, 21ஆம் நாட்களில் எலும்பைப் பார்க்க வேண்டும், முக்கியமாக 5 மடங்குக் குழுவில். குஞ்சின் மேல் அலகை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் அழுத்துங்கள். ஆரோக்கியமான அலகு வளையாது. ரப்பர் போல் வளைந்து திரும்பினால் ரிக்கெட்ஸ். இறந்த குஞ்சு இருந்தால் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பைச் சதை நீக்கி ஒடித்துப் பாருங்கள். நல்ல எலும்பு ‘டக்’கென்று முறியும், சுண்ணாம்பு பற்றாத எலும்பு ஈரக்குச்சி மாதிரி மடங்கும். விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தில் மணி கோத்தாற்போல் புடைப்பு வரிசை இருந்தாலும் அதே பொருள். எம்.எஸ்.எம். 0.05 சதவீதத்தில் இது வருவதற்குக் காரணமில்லை. வந்தால் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி மூன்றையும் முதலில் சரிபாருங்கள். அடுத்து, மூட்டையில் இருப்பது உண்மையில் எம்.எஸ்.எம்.தானா என்று பாருங்கள். சூடான தண்ணீரில் ஒரு கரண்டி போட்டால் எம்.எஸ்.எம். தெளிவாகக் கரைய வேண்டும். சிலிக்கா கலந்த சரக்கானால் லேசான மங்கல் இருக்கும். மஞ்சள் பொடி மேலே மிதந்தால் அது தனிமக் கந்தகம்.

முட்டைக்கோழியில் செய்வதானால் எடைக்குப் பதில் ஓடுதான் சாட்சி. ஓட்டைக் கழுவி, உள் சவ்வை உரித்து, காயவைத்து, நடுப்பகுதியில் மூன்று இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அமிலச் சுமை கூடினால் ஓடு மெலிவது முட்டை எண்ணிக்கை குறைவதற்கு முன்பே தெரியும்.

எப்போது நிறுத்துவது?

ஒரு குழுவின் எல்லாத் தடுப்பிலும் தீவனம் எடுப்பது தொடர்ந்து 2 நாள் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அலகு வளைந்தால், கால் தாங்கி நடப்பது ஒரே குழுவில் கூடினால், அன்றே சாதாரணத் தீவனத்துக்கு மாற்ற வேண்டும். ஒரே தடுப்பில் மட்டும் என்றால் முதலில் அந்தத் தடுப்பின் நிப்பிளைப் பாருங்கள். தண்ணீர் வராத கோழி தீவனமும் தின்னாது. எச்சம் இளகியதற்காக மேலும் உப்புக் கரைசல் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. நல்ல தண்ணீர், சாதாரணத் தீவனம், காய்ந்த கூளம், இவை மூன்றும் போதும். காரணம் சல்ஃபேட்தான் என்றால் ஓரிரு நாளில் காகிதத்தில் ஈர வளையம் சுருங்குவது தெரியும்.

மெத்தியோனினை இஷ்டத்துக்குக் கூட்டுவதும் இதே வகை ஆபத்துதான். அமினோ அமிலங்களில் அளவு மீறினால் வளர்ச்சியை அதிகம் முடக்குவது அதுதான். கந்தகம் கூடினால் இறகு பளபளக்கும் என்று எல்லா வகையையும் ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டு, எடை ஏன் விழுந்தது என்று தேடுவதற்குள் பேட்ச் முடிந்துவிடும்.

சேமிப்பறையில் கவனிக்க இன்னொன்று. பண்ணையில் புகைமூட்டத்துக்காகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். தனிமக் கந்தகமும் இருந்தால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். கலந்து உராய்ந்தால் தீப்பற்றும். கந்தகத் தூளைக் கொட்டிக் கலக்கும் அறையில் பீடியோ வெல்டிங்கோ கூடாது. மிதக்கும் தூள் வெடிக்கும். கொட்டகையில் கோழி இருக்கும்போது கந்தகம் கொளுத்திப் புகை போடுவது கோழியைக் கொல்லும். அந்தப் புகை சல்ஃபர் டை ஆக்சைடு.

ஒவ்வொரு முறை கலந்ததிலிருந்தும் அரைக் கிலோ எடுத்து, காற்றுப் புகாத பையில் போட்டு, கலந்த தேதி, குழு, மிக்ஸர் நேரம், மூட்டையின் பேட்ச் எண் எழுதி, கோழி விற்று 2 மாதம் வரை நிழலில் வைத்திருங்கள். பதிவேட்டில் ஒரு தடுப்பு மட்டும் புரியாமல் நின்றால், திரும்பிப் போய்ப் பார்க்க அந்தப் பை ஒன்றுதான் இருக்கும்.